வாக்கு எவர் சொத்து?

நோட்டன் பிரிட்ஜைச் சூழ்ந்த லயங்களில், "எந்தச் சங்கம்?" என்ற கேள்வியே நெடுங்காலம் வாக்கைத் தீர்மானித்து வந்தது. 2024 இல் அவ்வழக்கம் தளர்ந்ததை நாம் கண்கூடாகக் கண்டோம்.

ஜனாதிபதித் தேர்தலில் திரு. அநுர குமார திசாநாயக்க 2019 இல் பெற்றது 3.16 சதவீதம், 2024 செப்டெம்பரில் 42.31. எவரும் பாதியைத் தாண்டாமையால், வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டன. அப்போதும் நுவரெலியா மாவட்டம் திரு. சஜித் பிரேமதாசவையே முன்னிறுத்தியது. ஆயினும், நவம்பரில் நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் மாவட்டத்தின் எட்டு ஆசனங்களுள் ஐந்தைத் தேசிய மக்கள் சக்தி வென்றது.

இம்மாற்றத்தின் காரணம் யாது? 2022 இன் பொருளாதார வீழ்ச்சி ஏழையின் அடுப்பையே அணைத்தது. ஊழலை ஒழிப்போம், சர்வதேச நாணய நிதிய உடன்பாட்டை முறிக்காது திருத்துவோம் என்றார் அவர். 2023 இன் ஹட்டன் பிரகடனமோ மலையக மக்களின் உரிமைகளைப் பேசிற்று. பசித்தவர் கொடியின் நிறம் பார்ப்பதில்லை அன்றோ!

2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டம், 1,350 ரூபா நாட்சம்பளத்தை 1,550 ஆக உயர்த்தவும், வரவுக்கு அரசே 200 ரூபா சேர்க்கவும் முன்மொழிந்தது.

மாணவர்களே, இவற்றைக் கணக்கெழுதி வையுங்கள். கொழுந்து குறைந்தால் தொழிலாளிக்கு 'அரைப் பேர்' போடுகிறார்கள். வாக்குறுதி குறைந்தால், எக்கட்சித் தலைவருக்கும் அரைப் பேர் போடும் உரிமை நமக்குண்டு.