ஜடம் என்பது எது?

உத்திரமேரூர் ஸுந்தரவரதப் பெருமாள் திருக்கோயிலில் எம்பெருமான் மூன்று நிலைகளில் ஸேவை ஸாதிக்கிறான். கீழ்நிலையில் நின்ற திருக்கோலம். நடுநிலையில் வீற்றிருந்த திருக்கோலம். மேல்நிலையில் கிடந்த திருக்கோலம். பல்லவர் காலத்து இவ்விமானத்தின் முன் ஓர் ஆக்ஷேபம் எழக்கூடும்: ‘திருமேனியின் த்ரவ்யம் ஜடமன்றோ? ஜடத்தை ஸேவிப்பது எங்ஙனே?’ இதற்கு ஸமாதானம் கூறுமுன் ஜடத்தின் லக்ஷணத்தை நிர்ணயிக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவதும் கைக்கு அகப்படுவதுமே ஜடம் என்பது உலகோர் எண்ணம். அது பொருந்தாது. காலத்தைத் தொட்டவர் எவருமிலர். மூலப்ரக்ருதி இந்த்ரியங்களுக்குப் புலனாவதன்று. ஆயினும் ஸித்தாந்தத்தில் இவ்விரண்டும் ஜடமே. மாறுதலுடைமையும் லக்ஷணமாகாது, தர்மபூதஜ்ஞானம் சுருங்குவதும் விரிவதுமாயிருந்தும் அஜடமே. ஆகவே, தானே ப்ரகாசியாது பிறிதொரு ஜ்ஞானத்தாலேயே விளங்கும் த்ரவ்யம் ஜடம் எனக் கொள்க. விளக்கு குடத்தைக் காட்டுகிறது. ஆயினும் காண்பானுடைய ஜ்ஞானமின்றி விளக்கும் விளங்காது. ஆதலின் ஒளியுடைய விளக்கும் ஜடமே.

ஜடம் என்றது இழிவைச் சொன்னதன்று. ஒரு சேதனனால் எல்லா வகையிலும் தாங்கப்பட்டு, நியமிக்கப்பட்டு, அவனுக்கே சேஷமாயிருக்கும் த்ரவ்யம் அவனுக்குச் சரீரம் என்பது ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் அருளிய லக்ஷணம். இதன்படி, சிற்பி உளி வைக்குமுன்பே கல் அவனுக்குச் சரீரம். அவ்வாறிருக்க, ஆச்ரிதர்க்காக அதிலே விசேஷமாக ஸந்நிதி பண்ணியருளுவது அவனுடைய ஸௌலப்யம். அறியமாட்டாத த்ரவ்யம் அவனை மறுப்பதுமில்லை.

அர்ச்சாவதாரத்தில் உபாதானத்தை நினைப்பது அபசாரம் என்பதை யாவரும் அறிவர். பாகவதர்களிடத்தில் ஜன்மத்தை ஆராய்வது அதனிலும் க்ரூரம் என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் அறுதியிட்டார். இதன் காரணம் மேற்சொன்ன லக்ஷணத்தாலேயே விளங்கும். பிறப்பு தேஹத்தைப் பற்றியது, தேஹம் ஜடம். ஆத்மாவோ ஸ்வயம்ப்ரகாசன், பகவானுக்கே சேஷபூதன். தேஹத்தின் தர்மத்தை ஆத்மாவின் தலையில் ஏற்றுவது, விளங்குவதை விளங்காததாகக் கொள்ளும் ப்ரமமேயாகும்.

ஸுந்தரவரதன் ஸந்நிதியில் திருமேனியின் த்ரவ்யம் எங்கிருந்து வந்தது என்று எவரும் வினவுவதில்லை. பக்கத்தில் கைகூப்பி நிற்பவரை எக்குலத்தவர் என்று வினவுபவன், ஜடம் இன்னது, சேதனன் இன்னவன் என்னும் விவேகத்தை இன்னும் பெற்றிலன்.