ஊரைக் கேட்டு வரைவோம்



ஒரு பொருளைச் செய்யுமுன் அதன் உருவையும் அமைப்பையும் திட்டமிடுவதை வடிவமைப்பு என்கிறோம். அது வரைபலகையில் தொடங்குகிறது என்பது பலர் எண்ணம். ஊர்த் தெருவில் தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

இதனை நான் தோல்வியால் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒட்டன்சத்திரத்தை அடுத்த சிற்றூர்ப் பள்ளியொன்றில் பணியாற்றியபோது, மாணவரைக் கொண்டு ஊருக்கு ஓர் உரக்குழி அமைத்தேன். அளவு சரியாக இருந்தது; கட்டுமானமும் உறுதியாகவே இருந்தது. ஆயினும் மூன்று திங்களில் அது பாழ்பட்டது. காரணம் யாது? குப்பை கொட்ட வேண்டிய பெண்களை நாங்கள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இருள் பிரியுமுன் அவர்கள் தனியே செல்லக் கூசும் ஒதுக்குப்புறத்தில் குழியை வெட்டிவிட்டோம்!

கேட்டுச் செய்யும் கல்விக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகில் 1947இல் காந்திகிராமத்தை நிறுவினர். அங்கு 1956இல் தோன்றிய கிராமியக் கல்வி நிலையம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர் சிற்றூர்களில் சில நாள் தங்கி, மக்களோடு பழகி, அவர்தம் தேவைகளை அறிவது அதன் கல்வி முறையின் ஓர் அங்கம். கடல் கடந்தும் இக்கருத்து வேரூன்றியுள்ளது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஆபர்ன் பல்கலைக்கழகம் 1993இல் தொடங்கிய 'ரூரல் ஸ்டூடியோ' என்னும் திட்டத்தில், கட்டடக்கலை மாணவர் ஏழைக் குடும்பங்களுக்கு வீடுகளை வரைந்து, தம் கைகளாலேயே கட்டுகின்றனர்.

நல்ல வடிவமைப்பு மூன்று வினாக்களுக்கு விடை தரவேண்டும். பயன்படுத்துவோர் யார்? செலவும் பராமரிப்பும் எவர் பொறுப்பு? மண்ணுக்கும் நீருக்கும் விளைவது யாது?

சாண எரிவாயுக் கலனை நோக்குங்கள். காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் சாணத்தைச் சிதைக்க, மீத்தேன் மிகுந்த வாயு பிறக்கிறது. எஞ்சும் சாந்து வயலுக்கு உரமாகிறது. முதலில் பரவிய அமைப்பில் இரும்புக் கொப்பரையொன்று வாயு சேரச் சேர மேலெழும். அதன் எடையால் அழுத்தம் சீராக இருக்கும். ஆனால் இரும்பு துருப்பிடிக்கும்; விலையும் மிகுதி. 1984இல் வந்த 'தீனபந்து' அமைப்போ இரும்பை நீக்கி, நிலத்தடியில் செங்கல் குவிமாடத்தை வைத்தது. செலவு குறைந்தது, எனினும், வாயு கசியாதபடி கட்டத் தேர்ந்த கொத்தனார் தேவையாயினார். எளியவர் கைப்பொருளையும் உள்ளூர்த் தொழிலாளர் திறனையும் எண்ணிப் பாராத பொறியியல் முழுமை பெறாது என்பது இதனால் விளங்கும் அன்றோ?

நம் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை கேரளம் வரை பெயர் பெற்றது. அங்கே அழுகிக் கழியும் காய்களை எரிவாயுவாகவும் உரமாகவும் மாற்றும் பணியை ஒரு மாணவர் குழு மேற்கொள்வதாகக் கொள்வோம். பொறியியல் மாணவர் கலனை வரையட்டும். வேளாண் மாணவர் உரத்தை ஆராயட்டும். பொருளியல் மாணவர் செலவைக் கணக்கிடட்டும். ஆனால் கழிவு எந்நேரத்தில் குவிகிறது, நெகிழிப் பை எவ்வளவு கலந்து வருகிறது என்பவற்றைச் சுமை தூக்குவோரும் துப்புரவுப் பணியாளருமே அறிவர். அவர்களும் அக்குழுவின் உறுப்பினரே, உங்களுக்கு ஆசிரியருங்கூட.

அன்று அப்பெண்களிடம் கேட்டிருப்பின், எங்கள் உழைப்பு வீணாகியிராது. எழுதுகோலை எடுக்குமுன் செவியைத் திறந்து வையுங்கள். நீங்கள் வரைவது நிலைக்கும்.