மீனை ஏமாற்றும் சேவல் இறகு

மழை விட்ட மாலையில் விளக்கை மொய்க்கும் ஈசலை உங்கள் பெற்றோர் நன்கறிவர். அதைப் போலவே அற்ப ஆயுள் கொண்ட, ஆனால் வேறு இனத்தைச் சேர்ந்த பூச்சியொன்றை ஆங்கிலேயர் ‘மேஃபிளை’ என்பர். புஜைராவின் வாதி வுரையா போன்ற ஓடைகளிலும் இவ்வினம் உண்டு. இளம்பருவம் முழுவதையும் நீருக்கடியிற் கழிக்கும் இப்பூச்சி, சிறகு பெற்றபின் எதையும் உண்பதில்லை; ஓரிரு நாளில், சிலவேளை சில மணி நேரத்திலேயே, முட்டையிட்டு மடிகின்றது.

நீரிலிருந்து வெளிப்பட்டுப் பறக்குமுன் அது மேற்பரப்பில் அமர்ந்திருக்கும் சில கணங்களே ட்ரவுட் மீனுக்கு விருந்து. குளிர்நாட்டு மீனாகிய ட்ரவுட்டை ஆங்கிலேயர் 1880களில் நுவரெலியாவிற்கும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரிக்கும் கொணர்ந்தனர். துரைமாரின் பொழுதுபோக்கிற்காகவேயன்றி, கொழுந்து பறித்த நம்மவரின் பசிக்காக அன்று!

அம்மீனைப் பிடிக்கப் பொய்ப்பூச்சி கட்டும் முறையைக் காண்போம். சிறு தூண்டில் முள்ளை அசையாதவாறு பிடிகருவியில் இறுக்கி, அதன் தண்டில் மெல்லிய நூலைச் சுற்றுவர். வளைவின் தொடக்கத்தில், தண்டின் நீளத்திற்குச் சில இறகிழைகளை வாலாகக் கட்டுவர். முயல் மயிரை நூலோடு முறுக்கி, பின்புறம் மெலிந்தும் முன்புறம் சற்றே தடித்தும் உடலை அமைப்பர். பின்னர் இறகுத் துணுக்குகளைச் சிறகாக நிமிர்த்திக் கட்டுவர். இறுதியாகச் சேவலின் பிடரி இறகொன்றை முள்ளைச் சுற்றிச் சுற்றுவர். அதன் இழைகள் நாற்புறமும் விரிந்து நிற்கும். தலைப்பக்கத்தில் முடிச்சிட்டு வார்னிஷ் தடவினால் வேலை முடிந்தது.

சேவல் இறகு எதற்கு? நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போன்றது. குவளை நீரில் ஊசியொன்றைக் கிடையாக, மெதுவாக வைத்துப் பாருங்கள்; மிதக்கும். விறைத்த இறகிழைகளும் அவ்வாறே பரப்பைத் துளைக்காமல் ஊன்றி நிற்கின்றன. பேட்டின் இறகோ மென்மையானது. நீரை உறிஞ்சி அமிழ்ந்துவிடும்.

கண், கால், நரம்பு என நுணுக்கமாக அமைப்பது என் எண்ணத்தில் வீண்வேலை. கீழிருந்து நோக்கும் மீனுக்கு முதலில் தெரிவன, நீர்ப்பரப்பிற் பதிந்த கால்களின் புள்ளிகளும் மங்கலான உருவமுமே. ஆகவே, கட்டுபவர் தம் கண்ணால் அன்றி மீனின் கண்ணால் பார்க்கப் பழகவேண்டும்.

இத்தொழிலுக்கான சேவல் இறகுகள் நெடுங்காலம் இந்தியாவிலிருந்து மேலைநாடுகளுக்குச் சென்றன. இலங்கைத் தொழிற்சாலைகளிலும் இப்பூச்சிகள் ஒவ்வொன்றாகக் கையாலேயே கட்டப்பட்டு ஏற்றுமதியாகின்றன.