கூட்டம் கலைந்த காலத்தில் பூந்தோட்டம்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆடி மாதம் பிறந்துவிட்டால் குடியானவர்களின் கண் வானத்தையும் கோயிலையும் ஒருங்கே நோக்கும். புரட்டாசி மழையை நம்பி விதைக்க வேண்டிய பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் முதலியவற்றுக்காகக் கரிசல் நிலத்தைப் பண்படுத்துவதும், சங்கரநாராயணசுவாமி கோயிலில் கோமதி அம்பாளின் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறுவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்வன. அரியும் அரனும் ஒன்றாகத் தோன்றும் திருவுருவைக் காண அம்பாள் தவமிருந்ததாகவும், இறைவன் அவ்வண்ணமே காட்சியளித்ததாகவும் தல வரலாறு கூறும். அக்காட்சி நடைபெறும் மாலையில், தத்தம் நிலத்தில் விளைந்த பருத்தி, மிளகாய் வற்றல், நெல், பூ ஆகியவற்றைக் குடியானவர்கள் கொண்டுவந்து சப்பரத்தின் மீது சூறைவிடுவது நெடுநாளைய வழக்கம். 2020-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் அவ்வீதியில் ஜனக்கூட்டமும் இல்லை, சூறைவிட்ட பருத்தியும் இல்லை.

காரணம் யாவரும் அறிந்ததே. கொரோனா என்னும் கிருமியால் உண்டான நோயை உலகளாவிய கொள்ளைநோய் என 2020 மார்ச்சு 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச்சு 24-ஆம் நாள் மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் தடையுத்தரவு வந்தது. அன்று நள்ளிரவு தொடங்கி நாடு முழுவதும் ஊரடங்கிற்று. கோயில்கள் பக்தர்களுக்கு மூடப்பட்டன, திருவிழாக்கள் நின்றன, வாரச்சந்தைகள் கூடவில்லை. இவ்வுத்தரவுகளுக்குப் பழைய சட்டங்களே ஆதாரமாயின. ஒன்று, பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது 1897-இல் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டம். மற்றொன்று, 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். பின்னதில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்குமென்றே தனியாக ஓர் அத்தியாயம் உண்டு. திருவிழாக் கூட்டத்தோடு காலராவும் ஊர் ஊராகச் சென்ற காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. ஆகையால் நோய்க்காகக் கூட்டத்தைத் தடுப்பது இந்நாட்டுக் கிராமங்களுக்கு முற்றிலும் புதிய செய்தி அன்று. பாட்டன் காலத்தோடு மறந்துபோன செய்தி என்பதே பொருந்தும்.

பயிர்த்தொழிலுக்கு இவ்வூரடங்கால் பெருந்தடை இல்லை எனப் பலர் கருதினர். மார்ச்சு 27-ஆம் நாளே வயல் வேலைகளுக்கும் விளைபொருள் கொள்முதலுக்கும் மத்திய அரசு விலக்கு அளித்தது உண்மை. நெல் அறுத்தவர் களத்தில் காயவைத்துச் சாக்கில் கட்டி வைக்கலாம். பருத்தியும் வற்றலும் வீட்டு மச்சில் ஆறு மாதம் கிடந்தாலும் கெடுவதில்லை. அருகிலுள்ள புளியங்குடியின் எலுமிச்சம்பழம்கூடச் சில நாள் தாங்கும். பூவின் நிலை வேறு. விடியற்காலையில் பறித்த மல்லிகை மொட்டு அன்று மாலைக்குள் விரிந்து, மறுநாள் குப்பைக்குப் போய்விடும். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கிராமங்களில் மல்லிகையும் பிச்சியும் பயிரிட்டு, அன்றாடம் சந்தைக்கு அனுப்பி, அந்தக் காசைக் கொண்டே அன்றாடம் குடும்பம் நடத்துவோர் அநேகர். விலக்கு உத்தரவு அவர்களுக்குத் தோட்டத்தைத் திறந்துவிட்டது. விற்கும் இடத்தை அதனால் திறக்க முடியவில்லை.

இதில் பருவமும் பகையாயிற்று. குண்டுமல்லிகைச் செடியைக் கார்த்திகை மாதத்தில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டுக் கவாத்துச் செய்வது முறை. பின் களை நீக்கி, உரமிட்டு, நீர் பாய்ச்சினால் புதுத் தளிர் விட்டு மாசி கடைசியிலும் பங்குனியிலும் மொட்டுக் கட்டத் தொடங்கும். பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களே அதன் செழிப்பான காலம். பங்குனி உத்திரத்தில் குடும்பம் குடும்பமாகச் சாஸ்தா கோயிலுக்குச் செல்வது திருநெல்வேலிச் சீமை முழுவதற்கும் பொதுவான வழக்கம், சித்திரையில் கோயில்தோறும் பெருவிழா, வைகாசியில் முகூர்த்தங்கள். செடி பூக்கும் காலமும் ஜனங்கள் கூடும் காலமும் இவ்வாறு ஒத்து வருவதனாலேயே இப்பயிர் இலாபம் தருகின்றது. 2020-இல் ஊரடங்கு தொடங்கியதும் அதே பங்குனியில்தான். ஏப்ரல் முதல் வாரத்தில் வந்த உத்திரத்தன்று சாஸ்தா கோயில்களுக்குச் செல்வார் இல்லை. மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இன்றி நடந்தது. ஜனங்கள் அதைத் தத்தம் வீட்டிலிருந்தே கண்டனர். கல்யாணங்களுக்கு 50 பேருக்கு மேல் கூடலாகாது என்ற விதி வந்தபின், மணமேடை அலங்காரமும் பெண்கள் தலைக்குச் சரமும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கின. செங்கோட்டை வழியே கேரளத்துக்குச் செல்லும் சரக்கும் எல்லைச் சோதனைகளால் தடுமாறிற்று.

பூப் பயிரிடுவோருக்கு அப்போது ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது: விற்காத பூவைக் கூலி கொடுத்துப் பறிப்பதா, செடியிலேயே விடுவதா? ஒரு கிலோ மல்லிகையில் பல ஆயிரம் மொட்டுகள் உண்டு. ஒவ்வொன்றையும் கையால் கிள்ள வேண்டும். பொழுது ஏறுமுன் முடிக்க வேண்டும். பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் வீட்டு அடுப்பும் அந்தக் கூலியை நம்பியே எரிவது. பறிக்கச் சொன்னால் தோட்டக்காரருக்கு நட்டம். வேண்டாமென்றால் பறிப்பவர் வீட்டில் பட்டினி. சிலர் பறித்து வரப்பில் கொட்டினர். சிலர் ஆடு மாடுகளை உள்ளே விட்டனர். நீர் பாய்ச்சுவதை நிறுத்திச் செடியை வாடவிட்டவர்களும் உண்டு.

இவற்றுள் செடியில் அப்படியே விட்டதுதான் தவறான வழி. மல்லிகை மொட்டைத் துளைக்கும் மொக்குப்புழுவுக்கும், மொட்டைச் சிவக்கச் செய்து கெடுக்கும் ஈக்கும் பறிக்காத தோட்டம் பெரிய விருந்து. ஈயின் புழு கீழே விழுந்து மண்ணில் கூட்டுப்புழுவாகி மீண்டும் எழும். விலை இல்லாத நாளில் பெருகிய பூச்சி, விலை திரும்பும் நாளில் கணக்குக் கேட்கும். முழுத் தோட்டத்தையும் பறிக்க வகையில்லையெனில் பூத்த கிளைகளை இலேசாக நுனி கிள்ளி, கழிவை எருக்குழியில் மூடி, நீரைக் குறைத்து, செடிக்கு ஓய்வு கொடுப்பது உத்தமம். மனம் வெறுத்து வேரோடு பிடுங்கியவர்கள் மிகுந்த நட்டத்துக்கு ஆளாயினர். நன்கு பேணினால் பத்து ஆண்டுகளுக்கு மேல் பலன் தரும் செடி அது. மறுபடி பதியன் நட்டு முழு மகசூலைக் காண மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும்.

வாசனைத் தைலத் தொழிற்சாலைகளுக்கு விற்றிருக்கலாமே என்பாரும் உண்டு. கேட்பதற்கு எளிது. மாலை கட்டுவோர் விரியாத மொட்டைக் கேட்பர். தைலத்துக்கோ நன்றாக விரிந்த பூ வேண்டும். பறிக்கும் நேரமும் வேறு, அனுப்பும் வகையும் வேறு. 1,000 கிலோ பிச்சிப் பூவிலிருந்து கிடைக்கும் மெழுகு போன்ற வாசனைச் சத்து ஏறத்தாழ 3 கிலோ அளவே. ஆகையால் தொழிற்சாலை கொடுக்கும் விலை முகூர்த்த நாள் விலைக்கு அருகில் வராது. ஆயினும் முன்கூட்டியே ஒப்பந்தம் இருந்திருந்தால் பறிகூலியாவது மிஞ்சியிருக்கும். ஊரடங்கு வந்த பிறகு போய்க் கதவைத் தட்டியவருக்கு இடம் கிடைப்பது அரிது.

இவ்வளவு துன்பம் விளைத்த தடை வீணான தடையா? அப்படிச் சொல்வதற்கில்லை. சென்னைக் கோயம்பேடு சந்தையில் என்ன நேர்ந்தது என்பதைக் குடியானவர்கள் அறிவார்கள். ஊரடங்கு நடக்கும்போதே அச்சந்தையில் வியாபாரிகளும் சுமை தூக்குவோரும் வண்டிக்காரர்களும் நெருங்கிப் புழங்கினர். அங்கிருந்து நோய் பல மாவட்டங்களுக்குச் சென்றது. 2020 மே 5-ஆம் நாள் சந்தை மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. பூச்சந்தையின் தன்மையோ இன்னும் நெருக்கமானது. ஏலம் விடியலில் சில நாழிகையே நடக்கும்; குரல் உயர்த்திக் கேட்பதும், கூடையைச் சுற்றி நெருங்கிக் குனிவதும் அதற்கு இயல்பு. தோட்டத்தின் திறந்த வெளியில் பூப் பறித்ததில் இருந்த அபாயம் சிறிது. அதே பூவை மூடிய கொட்டகையில் பத்துப்பேர் முழங்கால் முட்ட அமர்ந்து கட்டியதில் இருந்த அபாயம் பெரிது. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே விளக்கிச் சொல்லி, சந்தையைப் பள்ளி மைதானம் போன்ற திறந்த இடத்துக்கு உடனே மாற்றிய ஊர்களில் காய்கறி வியாபாரமாவது நடந்தது. எதையும் சொல்லாமல் பூட்டு மட்டும் போட்ட இடங்களில், வியாபாரம் ஒளிந்து ஒளிந்து சந்து முனைகளில் நடந்ததேயன்றி நிற்கவில்லை.

கிராம நிர்வாகத்திலும் ஒரு குறை இருந்தது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் புதிதாகப் பிரிக்கப்பட்டதனால், அவ்வாண்டு டிசம்பரில் பிற மாவட்டங்களில் நடந்த ஊராட்சித் தேர்தல் இங்கு நடக்கவில்லை. 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில்தான் வாக்குப்பதிவு நடந்தது. நோயின் கடுமையான இரு அலைகளும் வந்து போகும்வரை ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. தனி அலுவலர்களே பொறுப்பில் இருந்தனர். 2020-இல் கிராம சபைக் கூட்டங்களும் நோயைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டன. இதன் விளைவாக, ரேஷன் கடையில் அரிசியும் ஆயிரம் ரூபாயும் வழங்குவது முதல் ஊரக வேலைத் திட்டத்தில் ஆட்களைப் பிரித்து நிறுத்துவது வரை, எல்லாப் பாரமும் கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர், சுகாதாரப் பணியாளர் ஆகியோர் தலையில் இறங்கிற்று. அவ்வேலைத் திட்டத்தில் அவ்வாண்டு நாளொன்றுக்குக் கூலி 256 ரூபாய். பூப் பறிக்கும் பெண்கள் பலருக்கு அதுவே கைகொடுத்தது.

செப்டம்பர் முதல் நாள் கோயில்கள் பொதுவாகத் திறந்தன. நிலைமை சீரடைந்துவிட்டதென்று நம்பிக் குடியானவர்கள் அவ்வாண்டு கார்த்திகையில் வழக்கம்போல் கவாத்துச் செய்தனர். மறுபடி அதே மாதங்களில் அடி விழுந்தது. 2021 ஏப்ரல் 26-ஆம் நாள் கோயில்கள் மூடப்பட்டன. மே 10 முதல் முழு ஊரடங்கு. ஜூலை 5-ஆம் நாள் கோயில் திறந்தும் திருவிழாவுக்கு அனுமதி இல்லை. தபசும் இரண்டாம் முறையாக ஜனக்கூட்டமின்றிக் கழிந்தது. செப்டம்பர் 12-ஆம் நாள் மாநிலமெங்கும் நடந்த பெரிய தடுப்பூசி முகாமில்தான், நெடுநாட்களுக்குப் பின் கிராமத்து ஜனங்கள் உத்தரவின் பேரிலேயே ஓரிடத்தில் கூடினர் எனலாம்.

இரண்டு ஆண்டும் ஓரளவு தாக்குப் பிடித்தவர் யார் என்று கவனித்தால், நிலம் முழுவதையும் மல்லிகைக்கே கொடுக்காமல் ஒரு பகுதியில் உளுந்தோ, மக்காச்சோளமோ, மாட்டுத் தீவனமோ வைத்திருந்தவர் முன்னே நிற்பார். அடுத்து, வீட்டிலுள்ளோர் கையாலேயே பறித்து முடிக்கக்கூடிய அளவுக்குத் தோட்டம் வைத்திருந்தவர். கூலியாட்களை நம்பிப் பரப்பைப் பெருக்கியவருக்கே நட்டமும் பெருகிற்று. பிச்சிக்குத் தை மாதக் கடைசியில் கவாத்துச் செய்தால் ஆனி, ஆடியில் பூக்கும். ஆகவே மல்லிகையோடு பிச்சியையும் கலந்து வைப்பதும், மல்லிகையையே இரண்டு பாத்தியாகப் பிரித்துச் சில வார இடைவெளியில் கவாத்துச் செய்வதும், ஒரே முகூர்த்த மாதத்தை நம்பியிருப்பதைக் குறைக்கும். மொத்த வருவாய் சிறிது குறையலாம். விலை நல்ல ஆண்டில் இதைக் கேட்க எவருக்கும் மனம் வருவதில்லை.

2022-ஆம் ஆண்டு ஆடியில் தபசுத் திருவிழா மீண்டும் ஜனங்கள் முன்னிலையில் நடந்தது. வேண்டுதலின்படி ஆடிச்சுற்றுச் சுற்றுவோரும், வயலில் விஷ ஜந்துக்களின் பயம் நீங்க உலோகத்தாலான பாம்பு, தேள் உருவங்களைக் காணிக்கையிடுவோரும், புற்றுமண் பெற்றுச் செல்வோரும் பழையபடி வந்தனர். காட்சி நேரத்தில் பருத்தியும் வற்றலும் சப்பரத்தின் மேல் விழுந்தன.