விஷத்தை அடக்கும் எதிர்ப்பொருள்

தொண்டைப் புண்ணோடு வந்து சில நாளில் தானே தணிந்துவிடும் எளிய ஜுரத்துக்கும், சில மணி நேரத்துக்குள் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்திச் சிறுநீரகம், கல்லீரல் முதலிய உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சு அதிர்ச்சிக்கும் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனிஸ்' என்ற ஒரே கிருமி காரணமாதல் கூடும் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். கிருமி ஒன்றேயாயினும், அது உமிழும் விஷத்தின் தன்மையும், அவ்விஷத்தை எதிர்க்கும் சக்தி நோயாளியின் இரத்தத்தில் முன்னமே அமைந்திருக்கிறதா என்பதும் விளைவைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன.

அந்நியப் பொருள் ஒன்று உடலுள் நுழைந்தால், காப்புக்குரிய டி-அணுக்களுள் மிகச் சிலவே அதை இனங்கண்டு கிளர்ந்தெழுவது இயல்பு. இக்கிருமியின் விஷங்களுள் சிலவோ, டி-அணுவையும் அதற்கு அந்நியப் பொருளை எடுத்துக்காட்டும் அணுவையும் முறைதவறிப் பிணைத்துவிடுவதால், நூற்றுக்கு இருபது வரையிலான டி-அணுக்கள் ஒருசேரத் தூண்டப்பட்டு, அவற்றால் பெருகும் அழற்சிப் பொருள்கள் உடலையே தாக்கத் தலைப்படுகின்றன. பெனிசிலின் கிருமியைக் கொல்லும். ஆனால் தேளை அடித்துக் கொன்றபின்னும் கொட்டிய கடுப்பு நிற்பதுபோல, முன்பே வெளிப்பட்ட விஷம் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். அவ்விஷத்தைப் பற்றிக்கொண்டு அது அணுக்களோடு பிணையாதவாறு தடுப்பதே எதிர்ப்பொருளின் தொழில்.

1890இல் பெரிங்கும் கிட்டசாட்டோவும் பெர்லினில் நிரூபித்த இத்தத்துவத்தைப் பின்பற்றி, 1920களில் சிகாகோவில் ஜார்ஜ் டிக், கிளாடிஸ் டிக் தம்பதியர், இதே கிருமி விளைவிக்கும் ஸ்கார்லெட் ஜுரத்தின் விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தி அதன் சீரத்தை மருந்தாக்கினர். குதிரைச் சீரம் சிலருக்கு ஒவ்வாமையை விளைவித்ததாலும், பின்னர் ஸல்ஃபா மருந்துகளும் பெனிசிலினும் தோன்றியதாலும், அச்சிகிச்சை வழக்கொழிந்தது.

1980களின் பிற்பகுதியில் நச்சு அதிர்ச்சி மருத்துவரின் கவனத்துக்கு வந்தபோது பழைய தத்துவம் புது வடிவில் மீண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கொடையாளரின் பிளாஸ்மாவைத் திரட்டிப் பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின் இப்போது சிரை வழியே செலுத்தப்படுகிறது. பலருடைய எதிர்ப்பொருள்கள் அதில் கலந்திருப்பதால் பல விஷங்களை அது மறிக்க வல்லது. ஐரோப்பாவில் நடந்து 2003இல் வெளியான பரிசோதனையில், அது பெற்ற பத்துப் பேரில் ஒருவரும் பெறாத பதினொருவரில் நால்வரும் இறந்தனர். போதிய நோயாளிகள் சேராமல் ஆய்வு இடையில் நின்றமையால், அவ்வேற்றுமையை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை.

ஆகவே பெனிசிலினும், விஷ உற்பத்தியை நிறுத்தும் கிளிண்டமைசினும், அழுகிய தசையை அகற்றும் அறுவையும் முதற்கண் நடைபெற, எதிர்ப்பொருள் அவற்றுக்குத் துணையாகவே சேர்க்கப்படுகிறது. கிருமி செழித்து விஷத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கும் வரையில் எத்தனை எதிர்ப்பொருளைச் செலுத்தினாலும் போதாது.