கற்பிட்டி தந்த காசிச்செட்டி

(பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர்)

சில ஆண்டுகளின் முன்னர், நமது கல்லூரி மாணவரை அழைத்துக்கொண்டு கற்பிட்டிக் கோட்டையைக் காணச் சென்றிருந்தேன். ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டிலே அதனைக் கட்டியதையும், 1795-இல் ஆங்கிலேயர் கைப்பற்றியதையும் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பொழுது மாணவன் ஒருவன், “ஐயா, ஒல்லாந்தர் கோட்டை கட்டினார்கள், ஆங்கிலேயர் பிடித்தார்கள். இந்த ஊரவர் என்ன செய்தார்கள்?” என்று கேட்டான். அன்று அவனுக்குத் தக்க விடை கூற என்னால் இயலவில்லை. விடுகதைபோல் என் உள்ளத்திலே தங்கிவிட்ட அவ்வினாவுக்குரிய மறுமொழியே இக்கட்டுரை.

அக்கோட்டையைச் சூழ்ந்த ஊரிலே, 1807-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ஆம் நாள் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி அவர்கள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கிச் சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தவர். பின்னர் நீதிபதியாகவும் விளங்கியவர். அவர் பெயரை நம் மாணவர் பலரும் கேட்டறியார். யானும் ஆசிரிய பயிற்சி பெற்று வெளிவந்த பின்னரே அப்பெயரை முதன்முதல் ஓர் இலக்கிய வரலாற்று நூலிற் கண்டேன் என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்கின்றேன்.

குடியேறிய குடியிற் பிறந்தவர்

காசிச்செட்டி அவர்களின் முன்னோர் தென்னிந்தியக் கரையிலிருந்து வாணிகத்தின் பொருட்டு இங்கு வந்து குடியேறிய செட்டி மரபினர், சமயத்தாற் கிறிஸ்தவர். முத்தும் உப்பும் கருவாடும் கப்பலேறிய அக்காலத்திலே, கற்பிட்டித் துறையில் தமிழ், சிங்களம், போர்த்துக்கேயம், ஒல்லாந்தம், ஆங்கிலம் என்ற பல மொழிகள் ஒருங்கே ஒலித்தன. வாணிகர் வீட்டுப் பிள்ளைக்குத் துறைமுகமே ஒரு பள்ளிக்கூடம் ஆயிற்று. அவரும் தமிழும் ஆங்கிலமும் மட்டுமன்றி வேறு பல மொழிகளையும் பயின்று பன்மொழிப் புலவரெனப் பெயர் பெற்றார்.

இளமையிலேயே புத்தளம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். அக்காலத்து மொழிபெயர்ப்பாளர் நிலையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். நீதி வழங்குபவர் ஆங்கிலேயர். வழக்காடுபவரோ ஆங்கிலம் அறியாத மீனவரும் உழவரும். இருவர்க்கும் நடுவில் நிற்பவன் ஒரு சொல்லைப் பிறழக் கூறினும் ஒருவன் தன் காணியை இழத்தல் கூடும். சொல்லுக்கும் வழக்கத்துக்கும் உள்ள பொருளை நுணுகி ஆராயும் பழக்கம் அவருக்கு இத்தொழிலால் உரம் பெற்றிருத்தல் வேண்டும் என்பது என் எண்ணம். பின்னர்ப் புத்தளத்தில் மணியகாரராகவும், கற்பிட்டியில் முதலியாராகவும் அவர் பதவி வகித்தார்.

சட்டநிரூபண சபையில்

கோல்புறூக், கமரன் என்போரின் விசாரணையின் பயனாக 1833-இல் இலங்கைக்குச் சட்டநிரூபண சபை ஒன்று ஏற்பட்டது. அதில் தேசாதிபதி நீங்கலாக உத்தியோக அங்கத்தவர் ஒன்பதின்மர். உத்தியோகப் பற்றற்ற அங்கத்தவர் அறுவர். இவ்வறுவருள் மூவர் ஐரோப்பியர். எஞ்சிய மூவரும் சிங்களர், தமிழர், பறங்கியர் ஆகியோர்க்கு இனத்துக்கு ஒருவராக நியமிக்கப்பட்டனர். தமிழர்க்கு முதற் பிரதிநிதியாயிருந்த ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார் அவர்கள் 1836-இல் இறந்தபின், 1838-இல் அவ்விடத்துக்குக் காசிச்செட்டி அவர்கள் நியமனம் பெற்று, 1845 வரை அங்கம் வகித்தார்கள்.

“பிரதிநிதி” என்ற சொல்லைக் கேட்டு மயங்குதலாகாது. அவரை மக்கள் தெரிவு செய்திலர். தேசாதிபதியே தெரிவு செய்தார். ஒன்பதின்மர் அரசின் பக்கம் கைதூக்க, ஒரு தமிழர் யாது செய்தல் கூடும்? இலங்கையர் ஒருவர் வாக்குப் பெற்று அச்சபைக்குச் செல்ல 1911 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாறு சென்றவர் முன்கூறிய குமாரசுவாமி முதலியாரின் மகள் வயிற்றுப் பேரரான பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே. அன்றும் படித்த இலங்கையர் சிலருக்கே வாக்குரிமை இருந்தது. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை 1931-இல்தான் கிடைத்தது. ஆகவே காசிச்செட்டி அவர்களின் பெருமையை அவர் அமர்ந்த ஆசனத்தைக் கொண்டு அளப்பது பொருந்தாது.

1845-இல் அவர் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். அச்சேவையில் இடம்பெற்ற முதல் இலங்கையர் அவரே. போட்டிப் பரீட்சையில் தேறி அதனுட் புகுந்த முதல் இலங்கையரான பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் வந்தது முப்பது ஆண்டுகள் கழித்து, 1875-இல். சிலாபத்திலே மாவட்ட நீதிபதியாகவும் காசிச்செட்டி அவர்கள் கடமையாற்றினார். ஒருகாலத்தில் பிறர் வாக்கை மொழிபெயர்த்து நின்றவர், அதே கரையோரத்தில் தாமே தீர்ப்புரைக்கும் ஆசனத்தில் அமர்ந்தார்.

எழுத்தே அவர் பிரதிநிதித்துவம்

ஆயினும் சபையும் நீதிமன்றமும் அவருக்கு அளித்த பெயரினும், அவர்தம் எழுதுகோல் அளித்த பெயரே நிலைத்தது. 1834-இல், இருபத்தேழு வயதிலே, ‘சிலோன் கசற்றியர்’ என்னும் பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கசற்றியர் என்பது ஊரகராதி. சொற்களுக்கு அகராதி பொருள் கூறுமாறுபோல, அது ஊர்களுக்கும் ஆறுகளுக்கும் துறைமுகங்களுக்கும் விளக்கம் கூறுவது. அத்துடன் மக்களின் பழக்கவழக்கம், விளைச்சல், வாணிகம், சமயம் என்பவற்றையும் அந்நூல் விரித்துரைக்கின்றது. அவர் அதனை எழுதியது சபைக்குச் செல்வதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர் என்பதை மாணவர் மனங்கொள்க. பதவி வந்தபின் நாட்டை அறியப் புகுந்தவர் அல்லர் அவர். நாட்டை அறிந்தபின் பதவி பெற்றவர்.

அடுத்து, பரதவர் வரலாறு பற்றியும், விசயன் கதையோடு தொடர்புபடுத்திக் கூறப்படும் தம்மன்னா நுவரையின் இருப்பிடம் பற்றியும், யாழ்ப்பாண வரலாறு பற்றியும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். வேத்தியல் ஆசியக் கழகத்தின் சஞ்சிகைகள் அவர் எழுத்துக்கு இடமளித்தன. தமிழரின் குலம், வழக்கம், இலக்கியம் பற்றி அவர் எழுதி வைத்தவை அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1934-இல், நூலாய் வந்தன.

இவற்றுள் தமிழாசிரியராகிய எமக்கு மிகவும் உரியது, 1859-இல் யாழ்ப்பாணத்தில் அச்சான ‘தமிழ் புளூராக்’. புளூராக் என்பவர் பெரியோர் சரிதங்களை எழுதிய கிரேக்க ஆசிரியர். அவர் பெயரையே தம் நூலுக்குச் சூட்டி, தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் உரிய புலவர்களின் வரலாறுகளைக் காசிச்செட்டி அவர்கள் தொகுத்தார்கள். தமிழ்ப் புலவர்க்கும் கிரேக்கப் பெரியார்க்கும் சமமான ஆசனம் உண்டு என்பது அப்பெயரிலேயே அடங்கிய வாதம்.

அந்நூலிற் குறைகள் உண்டு. செவிவழிக் கதைகளும் தனிப்பாடற் செய்திகளும் அதில் வரலாறாகக் கலந்துள்ளன. காலக்கணிப்புப் பல இடங்களில் நில்லாது. ஆனால் அவர் எழுதிய காலத்தை எண்ணுக. சாமிநாதையர் அவர்களின் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887-இலும், புறநானூற்றுப் பதிப்பு 1894-இலுமே வெளிவந்தன. நூல்கள் ஏட்டிலே உறங்கிய காலத்தில், கற்பிட்டியிலும் சிலாபத்திலும் இருந்துகொண்டு அவர் தேடித் தொகுத்தார். அவரிட்ட அடித்தளத்தின்மேல் ஆனல்ட் சதாசிவம்பிள்ளை அவர்கள் 1886-இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் நூலைத் தமிழிலே தந்தார்கள். முதல் வரப்பைக் கட்டியவனை வரப்பு கோணியது என்று பழித்துவிட்டு, அவ்வயலில் விளைந்ததை மட்டும் உண்ணுதல் அறமாகாது.

வேறொரு குறையும் கூறலாம். தமிழரைப் பற்றி எழுதியும் தமிழில் எழுதாது ஆங்கிலத்தில் எழுதினாரே என்பது அது. நம்மை ஆண்டவர் நம்மை அறியாதிருந்தனர். அவர்க்கு அறிவிப்பதே அன்றைய தேவை எனக் கருதினார் போலும். விளைவு யாதெனின், அவர் புகழ் அறிஞர் அரங்கில் விளங்கிற்று. சொந்த ஊரிலோ குடத்துள் இட்ட விளக்காயிற்று. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் அவர் மறைந்தார்.

நமது கடன்

பழைய மாணவ அன்பர்களே! இது வெறும் பழம்பெருமை பேசும் கட்டுரையன்று. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையூர்கள் பலவற்றிலே ஒருகாலத்தில் தமிழே வீட்டு மொழியாய் இருந்தது. இருபதாம் நூற்றாண்டிலே அவற்றுட் பல சிங்களத்தை வீட்டு மொழியாகக் கொண்டன. யாரையும் நோவதற்காக இதனைக் கூறவில்லை. மொழி மாறுதல் உலகியற்கை. ஆனால் அவ்வூர்களில் பாட்டிமார் வழங்கிய சொற்களையும் பாடிய பாடல்களையும் எழுதி வைத்தார் எத்தனை பேர்? உடப்பிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள் இன்றும் முதியோர் நாவில் உள்ளன. இயந்திரம் வலையிழுக்கும் நாளில் அவை எங்கே போகும்? உப்பள வரம்புகளுக்கும், களப்பின் ஓடைகளுக்கும், மீனவர் வாடிகளுக்கும் நம் மூத்தோர் இட்ட பெயர்களை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

இவ்வாண்டு நிறைவு விழாவிலே மண்டபமும் கட்டுக, பரிசிலும் வழங்குக. அவற்றோடு, காசிச்செட்டி அவர்களின் நூல்களை நம் கல்லூரி நூலகத்தில் வைப்பதற்கு ஆவன செய்யுமாறும், உங்கள் வீட்டுப் பெட்டகங்களில் உறங்கும் பழைய உறுதிகளையும் ஏடுகளையும் படியெடுத்து உதவுமாறும் வேண்டுகின்றேன். மாணவர்களே! பதவியும் பொருளும் இல்லையே என்று மயங்காதீர். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். உங்கள் ஊர்க் கிணறு, குளம், கோயில், தொழில் ஆகியவற்றின் பெயரையும் கதையையும் பெரியோரிடம் கேட்டு எழுதுங்கள். ஊருக்கு ஒருவர் எழுதினும் பத்து ஆண்டுகளில் புத்தளக் கரைக்கு ஓர் ஊரகராதி தமிழிலேயே உண்டாகிவிடும்.

கோட்டை வாயிலில் என்னை வினாவிய மாணவன் இன்று எங்குள்ளானோ அறியேன். அவன் கண்ணில் இம்மலர் படுமாயின், என் விடை இதுவே: தம்பி, இந்த ஊரவர் ஒருவர் இந்நாட்டைப் பார்த்து எழுதினார். அவர் எழுதாது விட்டவற்றை எழுதும் வேலை உனக்கும் எனக்கும் இருக்கின்றது.