உஷார்! ராத்திரி பத்தரை மணிச் சோறு

சம்பா அறுவடை வந்துவிட்டால் டெல்டாவில் சாப்பாட்டுக்கு நேரம் காலம் கிடையாது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போர்த்தி, முறை வரும்வரை ராப்பகலாகக் காவல். காலையில் வெறும் டீ, மத்தியானம் கிடைத்தால் ஒரு பொட்டலம், வீடு திரும்பிப் பத்தரை மணிக்கு வயிறு முட்டச் சோறு. நல்ல உடம்புக்கே இது ஆகாது. பைபோலார் எனும் இருமுனை மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர் என்றால், வீட்டார் உடனே விழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த நோய் உள்ளவர்களின் ஆயுள் சராசரியாகப் பத்தாண்டு அளவுக்குக் குறைகிறது. தற்கொலை மட்டும் காரணமல்ல; மாரடைப்புக்கும் சர்க்கரைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் 14 பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு. ஆக, இங்கே இருமுனை நோயாளிக்கு ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஓலன்சபைன், குவெட்டியாபைன், வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள் பசியைக் கிளப்பும், எடையை ஏற்றும். மாத்திரை போட்ட சற்று நேரத்தில் அகோரப் பசி எடுக்கும். பானையில் மிச்சமிருக்கும் பொன்னி அரிசிச் சோற்றில் வத்தக்குழம்பை ஊற்றிப் பிசைந்து, அப்பளத்தோடு இன்னொரு தட்டு. கை கழுவிய ஈரம் காயுமுன் படுக்கை. பொழுது சாய்ந்தபின் இன்சுலினின் வேலை மந்தமாகிவிடும். அதே சோறு பகலில் ஏற்றுவதைவிட ராத்திரியில் அதிகம் சர்க்கரையை ஏற்றும். தினமும் இப்படியானால் முதலில் தொப்பை, பிறகு சர்க்கரை.

சாப்பாட்டு நேரம் தவறினால் மனமும் தடம் மாறலாம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எலன் ஃபிராங்க் இந்த நோய்க்கென உருவாக்கிய, அன்றாட நேர ஒழுங்கைக் காக்கும் சிகிச்சையில், நோயாளி தினமும் குறித்துவைக்கும் ஐந்து நேரங்களில் இரவுச் சாப்பாட்டு நேரமும் ஒன்று.

அதற்காக, யூடியூப் பார்த்து 16 மணி நேரப் பட்டினியில் இறங்கிவிடாதீர்கள்! லித்தியம் சாப்பிடுபவர் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, உப்பைத் திடீரென்று குறைத்தாலோ, ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி விஷமாகும். வயல் வெயிலில் வியர்த்து, உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையையும் போட்டால் இன்னும் மோசம். கை அதிகமாக நடுங்குவது, வாந்தி, பேதி, பேச்சுக் குழறல், தள்ளாட்டம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். லுராசிடோன் என்ற மாத்திரை வேறு மாதிரி. வெறும் வயிற்றில் போட்டால் ஏறக்குறைய பாதி மருந்துதான் உடம்பில் சேரும்.

சிவராத்திரிக்கு விரதமிருந்து நாலு காலப் பூஜைக்கும் கண் விழிப்பது, ஏகாதசிப் பட்டினி, ரமலான் நோன்பு எல்லாமே டாக்டரைக் கேட்டபிறகுதான். ஒரே ஒரு ராத்திரித் தூக்கம் கெட்டாலும் சிலருக்கு மனக்கிளர்ச்சி தலைதூக்கிவிடும்.

செய்ய வேண்டியவை:

* மூன்று வேளைச் சாப்பாடும் தினமும் அதனதன் நேரத்தில். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரை, எட்டுக்குள் முடியுங்கள்.
* ராத்திரியில் சோற்றைக் குறைத்து, காய், பருப்பு, முட்டை, மீனைக் கூட்டுங்கள்.
* மாத்திரைக்குப்பின் பசித்தால் மோர், சுண்டல், வெள்ளரிக்காய் போதும்.
* காவல் முறையை வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும். நோயாளி தூங்கட்டும்.
* மருந்து தொடங்கும்போதும், மூன்றாம் மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும் எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பாருங்கள். இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை.

முக்கியமாக, எடை ஏறுகிறதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நோய் இன்னும் வேகமாகத் திரும்பி வரும். டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றவோ அளவைச் சரிசெய்யவோ வழி உண்டு. மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இன்று ராத்திரியே எட்டு மணிக்குள் தட்டைப் போடுங்கள்.